எம்.வி.பி ஓட்டு யாருக்கு? சிமுலேஷன் பேஸ்பால் லீக்கில் நாலு வகை வேட்பாளர்கள்

சீசனின் 162 ஆட்டங்களும் ஓடி முடிந்த அன்று இரவே எங்கள் குழுவில் சண்டை ஆரம்பித்துவிடும்: இந்த வருட எம்.வி.பி (மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர், சீசனின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர்) யார்? கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டரில் கற்பனை ஆட்டக்காரர்களை வைத்து பேஸ்பால் லீக் நடத்தும் நண்பர்கள் நாங்கள். ஓசூர், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று அணிகளுக்கும் நம் ஊர்ப் பெயர்கள்தான். ஓசூரில் ஷிஃப்ட் முடித்து வருபவர் நடுராத்திரிக்கு லைன்-அப் அனுப்புவார். பாலக்கோட்டுக்காரர் விடியற்காலையில் தக்காளி மண்டிக்குக் கிளம்பும் முன் ஸ்கோர் பார்த்துவிட்டு, "அண்ணா, நேத்து என் பிட்ச்சரைப் பார்த்தீங்களா?" என்று வாய்ஸ் மெசேஜ் போடுவார். இப்படி ஆறு மாத சீசனை ஒன்றாகக் கடந்து வந்தவர்கள் விருது என்று வந்ததும் எதிரெதிராக நிற்கிறோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களும், இதேபோல் சொந்த லீக் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "வாக்குச்சீட்டில் நாலு பேர் இருக்காங்க, நாலு பேரும் நாலு விதம். எதை வைத்து ஒருவரை முதலில் எழுதுவது?" அந்த நாலு பேர் பெரும்பாலும் இவர்கள்தான். ஒருவர் ஹோம் ரன்னும் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தை வெளியே அனுப்பும் அடி) ஆர்.பி.ஐ-யும் (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்) குவித்த அடிகாரர். இன்னொருவர் ஷார்ட்ஸ்டாப்பிலோ (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவில்; பேஸ் என்பது ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்) சென்டர் ஃபீல்டிலோ (வெளி மைதானத்தின் நடுவில்) நின்று, அடித்து, ஓடி, பிடித்து, எல்லாமே நன்றாகச் செய்தவர். மூன்றாமவர் பந்து வீசும் பிட்ச்சர். நாலாமவர் எண்கள் எல்லாம் பிரமாதமாக இருந்தும் கடைசி இடத்தில் முடித்த அணியில் மாட்டிக்கொண்டவர்.

எங்கள் ஆட்டக்காரர்கள் கற்பனை என்றாலும் இந்த வழக்கு கற்பனை கிடையாது. அமெரிக்க மேஜர் லீக்கில் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1931 முதல் இந்த விருதைக் கொடுத்து வருகிறது. நாம் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு வாதமும் அங்கே பல தடவை தீர்ப்புக்கு வந்திருக்கிறது. அந்தத் தீர்ப்புகளை வைத்தே இங்கே எடை போடுகிறேன்.

## முதலில் அளவுகோல்

எழுத்தாளர் சங்கத்தின் வாக்குச்சீட்டிலேயே, மிக மதிப்புள்ளவர் என்பதற்குத் தெளிவான வரையறை கிடையாது என்று எழுதியிருக்கும். அணிக்கு அவர் தந்த உண்மையான பலன், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, குணம், விசுவாசம், உழைப்பு என்று சில குறிப்புகள் மட்டும் தருவார்கள். முதலிடம் பிடித்த அணியிலிருந்துதான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிட்ச்சருக்கும், ஃபீல்டிங் செய்யாமல் அடிக்க மட்டும் வரும் டிஎச்-க்கும் தகுதி உண்டு. கம்ப்யூட்டர் ஆட்டக்காரருக்குக் குணத்தையும் விசுவாசத்தையும் நாம் பார்க்க முடியாது. மிச்சம் இருப்பது பலனும் ஆட்ட எண்ணிக்கையும்தான்.

சிமுலேஷன் லீக்குக்கே உரிய ஒரு சிக்கலை முதலில் தீர்த்துவிடலாம். நிஜத்தில் ஒரு ஆட்டக்காரரின் திறமை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நம் மென்பொருளிலோ ஒவ்வொருவருக்கும் 20-லிருந்து 80 வரை ரேட்டிங் திரையிலேயே தெரிகிறது. "அவனுக்கு பவர் 80, அவன்தான் பெஸ்ட்" என்று ஓட்டுப் போடுபவர்கள் எங்கள் லீக்கிலும் இருக்கிறார்கள். இது பெரிய தப்பு என்பது என் உறுதியான கருத்து. விருது இந்த சீசனில் மைதானத்தில் நடந்ததற்கு. ரேட்டிங் குறைவான ஒருவர் அதிர்ஷ்டத்தாலோ எதனாலோ பந்தை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த ரன்கள் ஸ்கோர்போர்டில் ஏறியவை, அந்த வெற்றிகள் புள்ளிப் பட்டியலில் இருப்பவை. அடுத்த வருடம் அவரை வாங்கலாமா என்று யோசிக்கும்போது ரேட்டிங் பார்க்கலாம். ஓட்டுப் போடும்போது அந்தப் பக்கத்தை மூடிவையுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ரன்னாகவும், ரன்னை வெற்றியாகவும் மாற்றிப் பார்ப்பது. ஏறக்குறைய 10 ரன் ஒரு வெற்றிக்குச் சமம். ஒருவருடைய இடத்தில் சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஆடியிருந்தால் அணி எத்தனை ஆட்டம் குறைவாக ஜெயித்திருக்கும் என்று சொல்வதுதான் 'வார்' என்கிற கணக்கு. மென்பொருள் அதைத் தானே போட்டுத் தரும். ஆனால் அதை நீதிபதியாக உட்கார வைக்கக் கூடாது. ஒன்றுக்குக் குறைவான வார் வித்தியாசம் எனக்கு வித்தியாசமே இல்லை. அதற்கு மேல் போனால்தான் காது கொடுப்பேன்.

ஃபீல்டில் எந்த இடத்தில் நின்றார் என்பது பலரும் கவனிக்காத ஆனால் மிகக் கனமான விஷயம். வார் போடுபவர்கள் ஒரு முழு சீசனுக்கு, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு 12.5 ரன் கூட்டுகிறார்கள், ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5, சென்டர் ஃபீல்டுக்கு 2.5. ஃபர்ஸ்ட் பேஸ்காரருக்கு 12.5 ரன்னும் டிஎச்-க்கு 17.5 ரன்னும் கழிக்கிறார்கள். ஒரே அளவு அடித்த ஷார்ட்ஸ்டாப்புக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்காரருக்கும் நடுவில் 20 ரன், அதாவது இரண்டு வெற்றி, ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. கிரிக்கெட்டில் நன்றாகக் கீப்பிங்கும் செய்து, சதமும் அடிப்பவர் கிடைத்தால் கேப்டனுக்கு எவ்வளவு நிம்மதியோ, அதே கணக்கு.

அப்புறம் மைதானம். எங்கள் லீக்கில் ஓசூர் மைதானத்துக்கு மட்டும் ஹோம் ரன் கூடுதலாக வரும்படி பார்க் ஃபாக்டர் வைத்திருக்கிறோம், ஏனென்றால் ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிஜத்தில் டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்ட் சுமார் 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து அதிக தூரம் போகும். ஓசூர் ஆட்டக்காரரின் ஹோம் ரன் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் அரூர்க்காரருக்கு அநியாயம். மைதானத்தைச் சரிக்கட்டிய எண்களையே பாருங்கள், அத்துடன் வெளியூர் ஆட்டங்களின் கணக்கையும் தனியாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எத்தனை ஆட்டம் ஆடினார் என்பது வாரிலேயே அடங்கிவிடுவதால் தனியாக எடை போட வேண்டாம். அணி ஜெயித்ததா தோற்றதா என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அது ஏன் என்பது நாலாவது வேட்பாளரிடம் வரும்போது.

நாலு பேரையும் ஒரே பார்வையில் வைத்தால் இப்படி வரும் (கடைசி வரியில் இருக்கும் பெயர்களின் கதை கீழே வரும்):

| பார்க்க வேண்டியது | அடிகாரர் | எல்லாம் செய்பவர் | பிட்ச்சர் | தோற்ற அணி நாயகன் |
|---|---|---|---|---|
| பலன் எங்கிருந்து | பேட் மட்டும் | பேட், ஓட்டம், ஃபீல்டிங், இடம் | ரன் தடுத்தல் | எதுவாகவும் இருக்கலாம் |
| ஏமாற்றும் எண் | ஆர்.பி.ஐ | ஒரு வருட ஃபீல்டிங் கணக்கு | வெற்றி-தோல்வி | அணியின் இடம் |
| மறைந்திருக்கும் செலவு | ஃபர்ஸ்ட் பேஸ், டிஎச் கழிவு | கண்ணுக்குத் தெரியாததால் ஓட்டு சிதறும் | வாக்குச்சீட்டிலிருந்தே விட்டுவிடுவார்கள் | அழுத்தமில்லாத ஆட்டம் என்ற பேச்சு |
| எப்போது முதலிடம் | பேட்டில் மட்டுமே இரண்டு வெற்றிக்கு மேல் முன்னிலை | வார் முன்னிலை ஒன்றுக்கு மேல் | நிறைய இன்னிங்ஸ், மற்ற பிட்ச்சர்களை விட வெகு தூரம் | எண்களில் தெளிவான முன்னிலை |
| நிஜ முன்னுதாரணம் | காப்ரேரா 2012 | ட்ரௌட் 2012 (இரண்டாம் இடம்) | வெர்லாண்டர் 2011 | அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2003 |

## அடிகாரர்: கண்ணுக்கு நிறைந்தவர்

இவருக்கு ஓட்டுக் கேட்பது எளிது. லீடர்போர்டைத் திறந்தால் மேலே இருப்பது இவர் பெயர். 2012-இல் டெட்ராய்ட் அணியின் மிகுவேல் காப்ரேரா பேட்டிங் சராசரி .330 (ஆயிரம் முயற்சிக்கு 330 தடவை அடித்து பேஸைச் சேர்ந்த கணக்கு), ஹோம் ரன் 44, ஆர்.பி.ஐ 139 என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம் பிடித்தார். டிரிபிள் கிரவுன் என்று சொல்லப்படும் அந்தச் சாதனை 1967-இல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்குப் பிறகு யாருக்கும் வாய்க்காமல் இருந்தது. 28 பேர் ஓட்டுப் போட்டதில் 22 பேர் அவரை முதலில் எழுதினார்கள்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், ஆர்.பி.ஐ என்பது பாதி மட்டுமே அடிப்பவரின் சொத்து. அவருக்கு முன்னால் அடிப்பவர்கள் பேஸில் போய் நின்றால்தான் அவர் அடியில் ரன் வரும். ஊத்தங்கரை அணியின் நாலாவது பேட்டருக்கு முன் மூன்று நல்ல ஆட்கள் இருந்தால் அவருடைய ஆர்.பி.ஐ தானாக ஏறும். அதே ஆளை அடிமட்ட அணியில் போட்டால் இறங்கிவிடும். ஆட்டத்தில் மாறியது எதுவும் இருக்காது. 1987-இல் ஆண்ட்ரே டாசன் 49 ஹோம் ரன், 137 ஆர்.பி.ஐ எடுத்து எம்.வி.பி ஆனார். இன்றைய கணக்குப்படி அந்த சீசனுக்கு அவருடைய வார் 4 அளவுதான். பேஸில் போய் நிற்பதில் அவர் சுமார்தான் என்பது அப்போது யார் கண்ணிலும் படவில்லை. ஃபீல்டிங்கில் மாயாஜாலம் காட்டிய ஷார்ட்ஸ்டாப் ஓஸி ஸ்மித் இரண்டாம் இடத்தில் நின்றார்.

அடிகாரரின் எண்களில் மைதானத்தின் பங்கும் அதிகம். ஆனால் மைதானத்தைக் காரணம் காட்டி ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதும் அநியாயம். 1997-இல் கொலராடோவின் லாரி வாக்கர் சராசரி .366, 49 ஹோம் ரன் அடித்து எம்.வி.பி ஆனார். கூர்ஸ் ஃபீல்ட் புண்ணியம் என்று எல்லோரும் சொல்லத் தயாராக இருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் அந்த 49-இல் 29 வெளியூரில் அடித்தவை. ஓசூர் அடிகாரரைப் பற்றி வாய்திறக்கும் முன் அந்தப் பிரிவைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இவரை முதலில் எழுத வேண்டிய நேரம் எது? பேட்டில் மட்டும் அடுத்தவரை விட 20, 25 ரன் கூடுதலாகச் சேர்த்து, இடத்தின் கழிவை எல்லாம் தாண்டி நிற்கும்போது. 2024-இல் ஷோஹெய் ஓட்டானி அதைச் செய்தார். கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வருடம் அவர் பந்தே வீசவில்லை, டிஎச் மட்டும்தான். 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு (யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). டிஎச் மட்டுமே ஆடி எம்.வி.பி வாங்கிய முதல் ஆள் அவர், அதுவும் ஒருமனதாக. ஷார்ட்ஸ்டாப் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் இரண்டாவது. அந்த அளவு அடித்தால் நானும் தயங்காமல் எழுதுவேன். அதற்குக் கீழே என்றால் ஃபர்ஸ்ட் பேஸ்காரருக்கு இரண்டாம், மூன்றாம் இடம்தான்.

## எல்லாம் செய்பவர்: என் சாய்வு இவர் பக்கம்

2012-இல் காப்ரேராவிடம் தோற்றவர் மைக் ட்ரௌட். இருபது வயதுப் பையன், முதல் முழு சீசன். ஏப்ரல் கடைசியில்தான் மேஜர் லீக்குக்கே அழைத்தார்கள். 139 ஆட்டத்தில் சராசரி .326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு, 129 ரன். இத்தனையும் சென்டர் ஃபீல்டில் நின்றுகொண்டு. வார் பத்துக்கு மேல். காப்ரேராவுக்கு ஏழு அளவு. மூன்று வெற்றி வித்தியாசம். முதலிட ஓட்டு கிடைத்தது 6.

அந்த வருடம் ட்ரௌட்டுக்கு எதிராகச் சொன்ன பெரிய வாதம், அவர் அணி பிளேஆஃபுக்கு, அதாவது சீசனுக்குப் பிந்தைய இறுதிச் சுற்றுகளுக்கு, போகவில்லை என்பது. அவருடைய ஏஞ்சல்ஸ் அணி 89 ஆட்டம் ஜெயித்தது. காப்ரேராவின் அணி ஜெயித்தது 88. ஒரு ஆட்டம் அதிகமாக ஜெயித்த அணி, கடினமான பிரிவில் (லீக் அணிகளைப் பிரித்து வைத்த சின்னக் குழு) மாட்டிக்கொண்டதால் வெளியே நின்றது. எங்கள் லீக்கிலும் பிரிவுகள் சமமாக இல்லை. அதனால் "எங்க டீம் பிளேஆஃப் போயிடுச்சு, மாப்ள" என்று யாராவது ஆரம்பித்தால் இந்த 89-88 கதையைத்தான் முதலில் எடுத்து வைப்பேன்.

எல்லாம் செய்பவரின் பலன் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அவர் தடுத்த ரன்னுக்கு லீடர்போர்டில் பெயர் வராது. எங்கள் சீசனில் ஒரு ஆட்டம் நினைவிருக்கிறது: ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், ஃபர்ஸ்டிலும் தேர்டிலும் ஆள். ஷார்ட்ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸுக்கும் நடுவில் தரையோடு போன பந்தை ஒரு ஷார்ட்ஸ்டாப் பாய்ந்து எடுத்து, செகண்ட் பேஸுக்குப் போட்டு, அங்கிருந்து ஃபர்ஸ்டுக்குப் போய், டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்), ஆட்டம் முடிந்தது. திரையில் வந்தது ஒரே வரி எழுத்து. அந்தப் பந்து தாண்டியிருந்தால் சமநிலை. சீசன் முழுக்க அப்படிப்பட்ட வரிகளைக் கூட்டினால் இரண்டு மூன்று வெற்றி சேர்ந்துவிடுகிறது. அந்த வரிகளை உட்கார்ந்து படித்தவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் திருப்தியாக இருக்காது.

எச்சரிக்கையும் உண்டு. ஒரு வருட ஃபீல்டிங் கணக்கில் அதிர்ஷ்டம் நிறையக் கலந்திருக்கும்; எந்தப் பக்கம் எத்தனை பந்து வந்தது என்பது அவர் கையில் இல்லை. ஆகவே ஒருவரின் முன்னிலை முழுக்க ஃபீல்டிங் எண்ணால் மட்டுமே வருகிறது என்றால், அந்த எண்ணில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பக் கணக்குப் போடுவது என் வழக்கம். பாதியிலும் அவர் முன்னால் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

கேட்சர்களையும் இந்தப் பிரிவிலேயே வைக்கிறேன். முட்டி போட்டு உட்கார்ந்தே சீசனைக் கழிக்கும் அந்த வேலையில் அடிக்கவும் செய்கிறவர் அபூர்வம். 2025-இல் சியாட்டிலின் கேல் ராலி கேட்சராக இருந்துகொண்டு 60 ஹோம் ரன் அடித்தார். கேட்சர்களில் அதுவரை யாரும் தொடாத எண். இருந்தும் சராசரி .331, 53 ஹோம் ரன் என்று ஆடிய ஆரன் ஜட்ஜ் 17 முதலிட ஓட்டு வாங்கி ஜெயித்தார், ராலிக்கு 13. இப்படி நெருக்கமாக வந்தால் எந்தப் பக்கம் போட்டாலும் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் கேட்சர்.

## பிட்ச்சர்: ஒரே தராசில் வைக்க முடியுமா

"பிட்ச்சருக்குத்தான் சை யங் விருது தனியாக இருக்கே, இது எதுக்கு?" என்பது எங்கள் குழுவில் வருடா வருடம் வரும் ஆட்சேபம். அந்த விருது 1956-இல் வந்தது. வந்த முதல் வருடமே டான் நியூகோம்ப் இரண்டையும் வாங்கிவிட்டார். தனி விருது இருக்கிறது என்பதால் பொது விருதில் இடமில்லை என்று யாரும் விதி எழுதவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: ஐந்து நாளைக்கு ஒரு நாள் ஆடுபவர் தினமும் ஆடுபவரை விட எப்படி மதிப்புள்ளவர்? நாள் கணக்கை விட்டுவிட்டு மோதல் கணக்கைப் பாருங்கள். தினமும் ஆடும் பேட்டர் ஒரு சீசனில் ஏறக்குறைய 650, 700 தடவை பேட் பிடிக்க வருகிறார். 2011-இல் ஜஸ்டின் வெர்லாண்டர் 251 இன்னிங்ஸ் வீசினார். அவர் சந்தித்த பேட்டர்கள் 900-க்கும் மேல். ஆட்டத்தில் கை வைத்த தடவைகள் என்று பார்த்தால் பிட்ச்சருக்கே அதிகம். அந்த வருடம் அவர் 24 வெற்றி, 5 தோல்வி, ஈ.ஆர்.ஏ (ஃபீல்டிங் தவறால் வந்ததைத் தவிர்த்து, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) 2.40, 250 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்கிய பேட்டர்கள்). எம்.வி.பி-யும் அவரே. தொடக்க பிட்ச்சர் ஒருவர் வாங்கியது 1986-இல் ரோஜர் கிளெமென்ஸுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 2014-இல் கிளேட்டன் கெர்ஷா ஈ.ஆர்.ஏ 1.77-உடன் வாங்கினார். மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் பிட்ச்சர் ஒருவருக்குப் போனது 1968-இன் பாப் கிப்சனுக்குப் பிறகு அப்போதுதான்.

இங்கே கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவை டன் கணக்கில் எடை போட்டு விலை பேசுவார்கள். சாப்பிடுவதற்கு வாங்கும் செந்தூராவைக் கையில் எடுத்து, முகர்ந்து, பழம் பழமாகப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் அளவு வேறு. ஆனால் கடைசியில் விவசாயியின் நோட்டில் இரண்டும் ரூபாயாகத்தான் ஏறுகிறது. பிட்ச்சரையும் பேட்டரையும் ஒப்பிட வெற்றிக் கணக்குதான் அந்த ரூபாய்.

பிட்ச்சரில் ஏமாற்றும் எண், அவர் பெயரில் எழுதப்படும் வெற்றி-தோல்விப் பதிவு. 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் ஈ.ஆர்.ஏ 1.70 வைத்திருந்தும் 10 வெற்றி, 9 தோல்வி. அணி அவருக்கு ரன் எடுத்துக் கொடுக்கவில்லை. எழுத்தாளர்கள் அதைப் புரிந்துகொண்டு சை யங் கொடுத்தார்கள். நம் பாலக்கோட்டுத் தம்பியின் பிட்ச்சர் விஷயத்திலும் தோல்விப் பத்தியைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

பிட்ச்சருக்கு இருக்கும் பெரிய ஆபத்து வாக்குச்சீட்டில்தான். 1999-இல் பெட்ரோ மார்ட்டினஸ் 23 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ 2.07, 313 ஸ்ட்ரைக்-அவுட். ரன் மழை பொழிந்த காலத்தில் அந்த ஈ.ஆர்.ஏ. முதலிட ஓட்டு அவருக்கு 8, கேட்சர் இவான் ரோட்ரிகஸுக்கு 7. ஆனாலும் மொத்தப் புள்ளியில் 252-239 என்று ரோட்ரிகஸ் ஜெயித்தார். காரணம், இரண்டு பேர் பெட்ரோவின் பெயரைப் பத்துப் பேர் பட்டியலில் எங்குமே எழுதவில்லை. இன்று படித்தாலும் எனக்கு ஆறவில்லை. உங்கள் லீக்கில் பிட்ச்சருக்குத் தகுதி உண்டு என்று விதி இருந்தால், பிடிக்காதவர்களும் அவரை அவருக்குரிய இடத்தில் எழுதியே ஆக வேண்டும். தகுதி இல்லை என்றால் சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசி இன்னிங்ஸ் மட்டும் வீசும் குளோசருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். 1992-இல் டெனிஸ் எக்கர்ஸ்லிக்குக் கொடுத்தார்கள், 51 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசியில் காப்பாற்றி முடித்த ஆட்டங்கள்). எழுபது எண்பது இன்னிங்ஸில் அவ்வளவு பலன் சேர்க்க வழியில்லை.

பேட்டும் பிடித்து பந்தும் வீசுபவர் உங்கள் லீக்கில் இருந்தால் ஒரு நடைமுறை விஷயம்: அவருடைய பேட்டிங் வாரும் பிட்ச்சிங் வாரும் வேறு வேறு பக்கங்களில் இருக்கலாம். இரண்டையும் நீங்களே கூட்டுங்கள். 2021-இல் ஓட்டானி 46 ஹோம் ரன் அடித்ததோடு 9 வெற்றி, 156 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்தார். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு அவர் பாதி ஆளாகத்தான் தெரிவார். கூட்டிப் பார்த்த பிறகும் அவருக்குத் தனி சலுகை வேண்டியதில்லை. 2022-இல் 34 ஹோம் ரன்னும் 15 வெற்றியும் எடுத்த ஓட்டானியைத் தாண்டி, 62 ஹோம் ரன் அடித்த ஜட்ஜுக்குத்தான் விருது போனது. அது சரியான தீர்ப்பு.

## தோற்ற அணியின் நாயகன்

"அவர் இல்லாமலும் கடைசி இடம்தான், இருந்தும் கடைசி இடம்தான். அப்புறம் என்னங்க மதிப்பு?" கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இந்த வாதம் ஒருவருக்குத் தர வேண்டிய கூலியை அவர் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கொடுக்கிறது. பேஸ்பாலில் ஒரு பேட்டருக்கு ஒன்பதில் ஒரு முறைதான் வரும். தொடக்க பிட்ச்சருக்கு ஐந்தில் ஒரு ஆட்டம். ஒரே ஆள் அணியைத் தூக்கி நிறுத்த இந்த விளையாட்டில் வழி கிடையாது.

நிஜத்திலும் இந்தக் கதவு மூடியிருக்கவில்லை. எர்னி பேங்க்ஸ் 1958, 1959 இரண்டு வருடமும் தோற்ற அணியிலிருந்து வாங்கினார். டாசனின் 1987 அணி தன் பிரிவில் கடைசி. 2003-இல் அலெக்ஸ் ரோட்ரிகஸின் டெக்சாஸ் அணி 91 ஆட்டம் தோற்றது, அதுவும் கடைசி இடம்தான். ட்ரௌட் 2016-இல் வாங்கியபோது ஏஞ்சல்ஸ் ஜெயித்தது 74 மட்டுமே.

சிமுலேஷன் லீக்கில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அணி தோற்பது பெரும்பாலும் அதை நடத்தும் நம்மால்தான்: தப்பான டிரேட், லைன்-அப் அனுப்ப மறந்த வாரங்கள். அந்தப் பாவத்தை ஆட்டக்காரர் தலையில் கட்டக் கூடாது. அணியின் நிலையை நான் பயன்படுத்துவது ஒரே ஒரு இடத்தில். இருவருக்கும் நடுவில் ஒரு வார் கூட இல்லை, மைதானமும் சரிக்கட்டியாகிவிட்டது, எதுவும் பிரித்துக் காட்டவில்லை என்றால், சீசன் முடியும் செப்டம்பரில் போட்டியில் இருந்த அணிக்காரருக்கு முன்னுரிமை.

## அவரை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால்?

நிஜ பேஸ்பாலில் முடியாத ஒன்று நமக்கு முடியும். அந்த ஆட்டக்காரரைத் தூக்கிவிட்டு அதே சீசனைத் திரும்ப ஓட்டலாம். எங்களில் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்த ஒருவர் இதைச் செய்து காட்டி, "பாருங்க, இவன் இல்லாட்டி பன்னெண்டு ஆட்டம் போச்சு" என்று வழக்கை முடிக்கப் பார்த்தார். ஒரு தடவை ஓட்டியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சரிபாதி பலமுள்ள அணி 162 ஆட்டம் ஆடினால் சராசரியாக 81 ஜெயிக்கும். வெறும் அதிர்ஷ்டமே அந்த எண்ணை ஆறு வெற்றி அளவுக்கு மேலோ கீழோ தள்ளும். மூன்றில் ஒரு சீசன் அதையும் தாண்டிப் போகும். இரண்டு வெற்றி வித்தியாசத்தை நம்பிச் சொல்ல வேண்டுமானால் அவர் இருக்கும்போது நூறு, இல்லாதபோது நூறு என்று ஓட்ட வேண்டும். நாலு வேட்பாளருக்கும் சேர்த்துப் பல நூறு தடவை.

அத்தனை ஓட்டினாலும் கிடைப்பது அவருடைய ரேட்டிங்கின் மதிப்புதான், இந்த சீசனில் அவர் செய்ததன் மதிப்பு கிடைக்காது. இன்னொரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது: நல்ல மாற்று ஷார்ட்ஸ்டாப்பை பெஞ்சில் வைத்திருக்கும் அணியில் முதல் ஆளை எடுத்தாலும் பெரிதாக நஷ்டம் வராது. பெஞ்சை நன்றாகக் கட்டிய அணியின் ஆட்டக்காரருக்கு அதனாலேயே விருது போய்விடும். பொழுதுபோக்குக்கு ஓட்டிப் பாருங்கள், ஓட்டுக்கு வேண்டாம்.

## ஓட்டு எடுக்கும் விதம்

மேஜர் லீக்கின் ஒவ்வொரு பாதிக்கும் 30 பேர், ஆளுக்குப் பத்துப் பெயர். முதலிடத்துக்கு 14 புள்ளி, அடுத்து 9, 8, 7 என்று பத்தாம் இடத்துக்கு 1. முதலிடத்துக்கு ஐந்து புள்ளி கூடுதல் இடைவெளி வைத்திருப்பது நல்ல யோசனை. உறுதியாக ஒருவரை நம்புபவரின் குரல் அதில் கேட்கும். எங்களைப் போல் பத்துப் பன்னிரண்டு பேர் லீக்கில் ஐந்து பெயர் போதும்: 7, 4, 3, 2, 1.

ஓட்டுப் போடுபவரே அணி உரிமையாளர் என்பதுதான் நம் லீக்குகளின் பெரிய சிக்கல். தன் அணிக்காரரை யாரும் எழுதக் கூடாது என்று வையுங்கள். அப்படி வைத்தால் இரண்டு வேட்பாளர்களைத் தன்னிடமே வைத்திருப்பவர் அந்த இரண்டையும் விட்டுவிட்டு எழுதுவார். ஆகவே மொத்தப் புள்ளியை அப்படியே கூட்டாமல், அவருக்கு ஓட்டுப் போடத் தகுதி இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து சராசரி எடுங்கள்.

முக்கியமாக, பிளேஆஃப் ஓட்டுவதற்கு முன் எல்லா ஓட்டும் லீக்கை நடத்தும் கமிஷனர் கையில் வந்துவிட வேண்டும். மேஜர் லீக்கிலும் அப்படித்தான். 1988-இல் கிர்க் கிப்சன் காயத்தோடு நொண்டிக்கொண்டே வந்து சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை ஒரே அடியில் முடித்த ஹோம் ரன்னைப் பார்த்தவர்கள், அதற்காகத்தான் அவருக்கு அந்த வருட எம்.வி.பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஹோம் ரன்னுக்கு முன்பே ஓட்டு எல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது.

இந்த சீசனுக்கு என் சீட்டு தயார். ஷார்ட்ஸ்டாப்புக்கு முதலிடம், ஃபீல்டிங் எண்ணைப் பாதியாக்கிய பிறகும் அவர் ஒரு வாருக்கு மேல் முன்னால் இருக்கிறார். பாலக்கோட்டுப் பிட்ச்சருக்கு இரண்டாவது, தோல்விப் பத்தியைப் பார்க்காமல். அரூரின் சென்டர் ஃபீல்டர் மூன்றாவது. அணி கடைசி இடம் என்பதற்காக ஒரு படி கூட இறக்கவில்லை. ஓசூர் அடிகாரருக்கு நாலாவது: வெளியூர்க் கணக்கில் அவர் சாதாரணமாகத்தான் ஆடியிருக்கிறார், நின்றதும் ஃபர்ஸ்ட் பேஸில். அவருடைய உரிமையாளர் அண்ணன் இதைப் படித்ததும் போன் செய்வார். அந்த வெளியூர் எண்களைத் திறந்து வைத்துக்கொண்டு பேசத் தயார்.